ஆற்காட்டுக்கு முன்னால் பாலம் இல்லை

இளம்பரிதி சாயங்காலம் கூப்பிட்டார்.
இரண்டு வருஷத்துக்கு அறுபத்தொன்று, என்றார்,
யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்லும் குரலில்.
அதில் இருபது நான் வாங்கியவை.
அதை இருவருமே பேசவில்லை.

மிச்சம் லாரி சர்வீஸில் வந்துவிட்டது.
இருநூற்று முப்பத்தொன்பது.
காந்தி ரோட்டுச் சந்தில், லாட்ஜ் மாடிப்படிக்குக் கீழே,
பக்கெட்டுகளுக்கும் உடைந்த வீல்சேருக்கும் நடுவில் அடுக்கினேன்.
முதலாளி எட்டிப் பார்த்து
"எலி வரும்" என்றார்.
நாவலுக்கு இதுவரை வந்த விமர்சனம் அது.

நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்ய
பெரிய போராட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை, பாருங்கள்.
வேலப்பாடியில் ஒரு டீ குடித்தேன்.
டம்ளரைக் கீழே வைக்கும்போது முடிந்திருந்தது.
வனரோஜாவிடம் சொன்னால் "சரி" என்பாள்.
அந்தச் சரிக்குப் பயந்து
வீட்டுக்குப் போகாமல் நேராக நைட் டூட்டிக்கு வந்தேன்.

லெட்ஜர் எழுதினேன்.
பெயர், ஊர், யாருக்கு வைத்தியம், எத்தனை நாள்.
மால்டா. கட்டிஹார். சில்சர். மறுபடி மால்டா.
இந்த நோட்டுக்கு வாசகர் உண்டு:
மாதம் ஒருமுறை வடக்கு ஸ்டேஷன் ஏட்டு
கடைசிப் பக்கம்வரை புரட்டிக் கையெழுத்தும் போடுகிறார்.

இரண்டு மணிக்கு 206 இறங்கி வந்தது.
நிமாய் மண்டல். மனைவி நியூரோ வார்டில்.
ஒன்பது ராத்திரியாக அவர் கண் மூடவில்லை;
லெட்ஜரில் இல்லாத இது ரூம்பாய் சொன்னது.
டேபிள் ஃபேனுக்கு அண்டை கொடுத்திருந்த புத்தகத்தை உருவினார்.
பின்னட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
மறுபடி பின்னட்டை.
படி, என்று கை காட்டினார்.
தமிழ் தெரியாதே உங்களுக்கு.
படி.

நாற்பத்தேழாம் பக்கம் திறந்துகொண்டது.
தேசம்மாள் புது பஸ் ஸ்டாண்டில் ஏறுகிறாள்.
கம்மலை விற்ற காசு மடியில்.
ரத்தினகிரி தாண்டுகிறது. பிறகு பாலாற்றுப் பாலம்.
மணலைப் பார்த்து அழுகிறாள்.
அழுது முடித்து, முகம் துடைத்து, ஆற்காட்டில் இறங்குகிறாள்.

நாக்கு நின்றுவிட்டது.
ஆற்காட்டுக்கு முன்னால் ஏது பாலம்?
ஊர் இந்தக் கரையில். பாலம் ஊரைத் தாண்டி,
அக்கரையில் ராணிப்பேட்டை.
முப்பது வருஷம் அந்த பஸ்ஸில் போனவன்,
மூன்று தடவை புரூஃப் பார்த்தவன்.

அறுபத்தொரு வீட்டில் இந்தத் தப்பு இருக்கிறது.
நாற்பத்தொன்று என்று வையுங்கள்.
ஒருவர்கூடக் கூப்பிட்டுத் திட்டவில்லை.
நாற்பத்தேழாம் பக்கம்வரை யாரும் வரவில்லை.
அல்லது, வந்தவர்கள்,
அவள் அழட்டும் என்று
ஓர் ஆற்றையே நகர்த்திக் கொடுத்திருக்கிறார்கள்.

நிமிர்ந்தால் நிமாய் தூங்கியிருந்தார்.
பிளாஸ்டிக் நாற்காலியில், வாய் லேசாகத் திறந்து,
ஆஸ்பத்திரி பாஸ் கழுத்தில் தொங்க.
இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா?
ஃபேனை அவர் பக்கம் திருப்பினேன்.

லெட்ஜர் பேனாவால் 'ஆற்காட்டில்' என்பதை அடித்தேன்.
'ராணிப்பேட்டையில்' என்று மேலே எழுத
இடம் போதவில்லை, ஓரத்துக்கு வளைந்து ஏறியது.
படிக்குக் கீழே போய் ஒரு கட்டை அவிழ்த்தேன்.
இரண்டாவது பிரதி. மூன்றாவது.
திருத்தம்தானே, எழுத்தில் சேராது.
விட்டவன் விட்டவன்தான்.

பதினோராவதில்தான் உறைத்தது.
தங்கை வீடு ஆற்காட்டில். டிக்கெட்டும் ஆற்காட்டுக்கு.
ஸ்டாப்பிங் வந்தது, கண்டக்டர் விசில் கொடுத்தான்,
இவள் ஏன் எழுந்திருக்கவில்லை?
மிச்ச தூரத்துக்கு என்ன சொல்லிக் காசு நீட்டினாள்?
ராணிப்பேட்டையில் இவளுக்கு யார்?

204 வெந்நீர் கேட்டு மணி அடித்தது.
"இதோ" என்றேன்.
கொஞ்சம் கழித்து மறுபடி "இதோ" என்றேன்,
பேனா மூடி எங்கே உருண்டது என்று தெரியாமல்.