சாய்வுக்கு இரண்டு மதிப்பெண் குறைவு

ஹீயுமா தீவுக்குப் போகும் கப்பலின் சமையலறையில்
லேலோ எடுத்தது.
நூற்றுப் பதினேழாவது படம்.

தார்த்து நகரில் பனி. இரவு மணி இரண்டு.
நடுவர் கூலி படத்துக்கு இருபது சென்ட்,
அதனால் என் கண்ணுக்கும் அவசரம்.

திரையில் நான்கு கோடுகளை விரித்துவிட்டால்
விதி தானே வேலை செய்யும்:
கோடுகள் வெட்டும் புள்ளியில் கலங்கரை விளக்கம் நின்றால் ஒன்பது.
முகத்தை நட்டநடுவில் வைத்தால் ஆறு.
அடிவானம் சாய்ந்தால் இரண்டைக் கழி.

இவள் படத்தில் மேசை நேர்.
சன்னலுக்குள் கடல்தான் சாய்கிறது.
ஏழு கோப்பைகள் ஒரே பக்கமாய்ப் புறப்பட்டிருக்கின்றன.
இடது மூலையில், எந்தக் கோடும் தொடாத இடத்தில்,
சமையல்காரரின் ஈரக் கை.
கடைசிக் கோப்பைக்கு ஒரு விரல் தூரம்.

நேராக்கிப் பார்த்தேன், ஆறு டிகிரி.
கடல் சொன்னபடி கேட்டது.
உடனே மேசை சாய்ந்தது.
ஏதோ ஒன்று சாய்ந்தே தீரும் போல.
மூலைகளை மென்பொருள் நறுக்கியது;
கையும் அதோடு போயிற்று.

பழையபடி திருப்பினேன்.
ஆனாலும் நான்குதான் போட்டேன்.
விதிகளை எழுதியவனே நான்.

பரிசு கலங்கரை விளக்கத்துக்கு.
அதே பாறை, அதே அந்தி.
போன வருஷமும் வேறொரு பெயரில் வந்து
வாங்கிக்கொண்டு போனது.

லேலோ ஒரு வரிதான் எழுதிக் கேட்டாள்,
கோபமில்லை:
“நான் எங்கே நின்றிருக்க வேண்டும்?”

இன்னும் பதில் போடவில்லை.
நேற்றுக் கடையில் காபி வைத்தார்கள்.
என் கை தானாகக் கோப்பையின் ஓரம் போய் நின்றது.
மேசை நேராகத்தான் இருந்தது.