நாலு டின்

ஆம்பூர் துத்திப்பட்டு, ரெண்டாவது ஷிப்ட்.
பாலாற்றுப் பக்கமிருந்து வருவது
தோல் ஷாப்பின் சுண்ணாம்பு வாசனை.
நூற்றைம்பத்தைந்து டிகிரி, ஆறு நிமிடம்.
பிரஸ் திறந்தால்
சோலை விடமாட்டேன் என்கிறது அச்சு.
பித்தளைக் கம்பியால் நெம்புகிறார் குலசேகரன்.
நாற்பத்திரண்டாம் நம்பர், இடது கால்,
குதிகாலில் கிழிந்தது.
இன்றைக்கு இது பதினேழாவது.

பர்ச்சேஸிலிருந்து நாலு டின் வந்தன.
"நீங்களே பாத்து ஒண்ணு சொல்லுங்க மேடம்."
விலைச் சீட்டை மட்டும்
பெரிதாக ஒட்டியிருந்தார்கள்.

முதல் டின் சிலிகான்.
அடித்த மறு சுற்றில்
நுங்கு மாதிரி நழுவி வந்தது சோல்.
குலசேகரன் விசிலடித்தார்.
நானும் நோட்டில் எழுதினேன்: நன்று.

மறுநாள் பதினோரு மணிக்கு
பேஸ்டிங்கிலிருந்து பர்கத்துன்னிசா வந்தாள்,
ஒரு கையில் மேல்தோல், ஒரு கையில் சோல்.
"எதைத் தடவுனீங்க?
அச்சு விட்டுடுச்சு, சரி.
என் பசையையும் இல்ல விட்டுடுச்சு."
அறுநூறு ஜோடி.
'நன்று' மேல் ஒரு கோடு இழுத்தேன்.

அடுத்தது வெள்ளைப் பொடி.
வரிப்பள்ளமெல்லாம் தங்கி
கறுப்பு சோல் விபூதி பூசிக்கொண்டு வந்தது.
அப்புறம் சோப்புக் கரைசல்,
முதலாளியின் மச்சான் சொன்னது.
மலிவுதான், மறுக்கவில்லை.
வாரக் கடைசியில் அச்சில் துரு,
கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம்.

நாலாவது தண்ணீரில் கரைத்தது, அவசரமில்லாதது.
பழைய அழுக்கைச் சுரண்டிய அச்சில் மூன்று கோட்,
ஒவ்வொன்றுக்கும் கால் மணி சூடு.
பிறகு முப்பது சுற்றுக்குத் தொட வேண்டாம்.
அச்சிலேயே நிற்கும்,
சோலோடு கிளம்பிப் போகாது.
"முக்கா மணி நேரம் பிரஸ் சும்மா நிக்குமா?"
என்றார் ஜெபராஜ் சார்.
அறுநூறு ஜோடியும் சும்மாதான் நிற்கிறது என்றேன்.
விலைச் சீட்டை இன்னொரு முறை படித்தார்.
கையெழுத்துக்கு வியாழக்கிழமை ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ரேஷன் கடை.
மெஷினில் கட்டைவிரல் வைத்தேன்.
பொருந்தவில்லை.
முந்தானையில் துடைத்து வைத்தேன்.
பொருந்தவில்லை.
பின்னால் நின்றவர்
எண்ணெய்க் கேனை மறு கைக்கு மாற்றினார்.
முதல் டின் இன்னும் விரலில் இருக்கிறதோ,
இல்லை, ரேகையே அவ்வளவுதானோ.

"என்ன வேலைம்மா பாக்குற?"
"ஒட்டாம இருக்க மருந்து பாக்குற வேலை."

கடைக்காரர் சிரிக்கவில்லை.
ஆள்காட்டி விரலை
வைக்கச் சொன்னார்.