மேற்கே உதிப்பது

நடக்கவே நடக்காது என்பதற்கு
நாம் சொல்வோமே,
சூரியன் மேற்கே உதித்தாலும் என்று.
வாட்சோ ஊரில், குன்வோர் வீட்டில்
அது தினமும் உதிக்கிறது.
காலை நாலே முக்காலுக்கு,
மேற்குச் சுவரோரம்,
கால் ஆடும் முக்காலியின் மேல்.

வேறு இடமில்லை.
அந்தப் பக்கம்தான் பிளக் இருக்கிறது.

முதலில் ஒரு சிவப்பு,
வரலாமா என்று கேட்கிற மாதிரி.
பிறகு சுவரில்
போன வருடக் கசிவின் கறை தெரியும்.
பிறகு நாற்காலியில் தொங்கும் சீருடை,
ஒரு கை உள்ளே மடிந்து.
பிறகு ஓஸ்முன்னின் காது.

மீன் ஆலையில் இரவு ஒரு மணிக்கு வேலை முடித்து வந்து
அப்போதுதான் முதல் கனவில் கால் வைத்திருப்பான்.
தலையணையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு
"உன் சூரியனை அந்தப் பக்கம் திருப்பு" என்பான்.
திருப்புவாள்.
மணமான பதினேழு வருடத்தில்
இத்தனை பெரிய காரியத்தை அவன் கேட்டதுமில்லை,
எதையும் இத்தனை சுலபமாக அவள் செய்ததுமில்லை.

விளக்கு வருவதற்கு முந்தின டிசம்பரில்
மூன்று அலாரம் வைத்திருந்தாள்.
ஒன்று தலைமாட்டில், ஒன்று குளியலறையில்,
ஒன்று அடுப்படியில், பீங்கான் தட்டின் மேல்.
மூன்றையும் நடந்துபோய் அணைத்துவிட்டு
திரும்ப வந்து படுத்தது அவளுக்கு நினைவே இல்லை.
ஏக்கரோய் நிறுத்தத்தில் ஏழு பிள்ளைகள்
நாற்பது நிமிடம் பனியில் நின்றார்கள்.
பஸ் வளைவில் திரும்பியபோது
அவர்கள் கோட்டில் தைத்த ஒளிப்பட்டைகள் மட்டும்
இருட்டிலிருந்து எழுந்து நின்றன.
யாரும் திட்டவில்லை.
ஒவ்வொருவராக ஏறி, வணக்கம் சொல்லி, உட்கார்ந்தார்கள்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

இருபதாவது நிமிடத்தில் குயில் கூவும்.
ஜனவரியில், மைனஸ் பதினெட்டில்,
சீனாவில் செய்த குயில்.
பூனை கட்டிலிலிருந்து குதித்து
விளக்கின் பின்னால் போய்த் தேடும்.
நேற்றும் தேடியது.
ஏமாறுவதில் அதற்கு அலுப்பே இல்லை.
குன்வோர் மட்டும் என்ன,
பொய் என்று தெரிந்தே
கண்ணிமைகளை நம்பவிட்டு
எழுந்து, இன்னொரு சாக்ஸ் எங்கே என்று தேடுவாள்.

வாசல் கதவைத் திறந்தால்
அந்த விடியல் நிலைப்படியோடு முடிந்துவிடும்.
வெளியே நவம்பரில் தொடங்கிய அதே இரவு,
நேற்று விட்ட இடத்திலேயே.
கார் கண்ணாடியைச் சுரண்டும்போது
முதுகுக்குப் பின்னால், ஜன்னலில்,
அணைக்க மறந்த சூரியன்
தன் அரை மணி நேரத்தை முடித்துக்கொண்டிருக்கும்.

ஜனவரிக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை நடுப்பகலில்,
இரண்டாம் வகுப்பை நீச்சல்குளத்திற்கு
ஓட்டிப் போய்க்கொண்டிருந்தாள்.
ஈரத் துண்டு வாசனை இப்போதே பஸ்ஸில்.
யாரோ ஆரஞ்சு உரித்திருந்தார்கள்.
நில்லாஸ்தான் முதலில் கத்தினான்,
பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கூடாது என்று சொல்லியிருந்தும்.

கிழக்கே இல்லை. மேற்கேயும் இல்லை.
தெற்கே, கடலுக்கு அந்தக் கரையில்,
மலை விளிம்பில் நகம் அளவு.
இரண்டு மாதக் கடனைத் தீர்க்க வந்தவன்
சில்லறையை மட்டும் எடுத்து நீட்டியது போல.

முன்கண்ணாடி முழுக்க அது பரவியது.
ஓரங்கட்டி நிறுத்தினாள்.
கண் கூசியது.
அவள் கேட்காமலே வலது கை உயர்ந்து,
காலையில் பழகிய பழக்கத்தில்,
இன்னும் ஒன்பது நிமிடம், ஒன்பதே நிமிடம் என்று
வட்டமாய் எதையோ தடவித் தேடி
அழுத்தியது.

ஹார்ன் அலறியது.

பின்னால் பத்தொன்பது பிள்ளைகளும்
சூரியனுக்கு அப்படித்தான் வரவேற்பு என்று எண்ணி
கூடவே ஊளையிட்டார்கள்.
குன்வோர் கையைப் பார்த்தாள்.
மலையைப் பார்த்தாள்.
பிறகு, நன்றாக விழித்துக்கொண்டு,
இன்னொரு முறை அழுத்தினாள்.