பதினோரு சென்ட்

பேட்டரி உடைத்த இடத்தில்
சூரியகாந்தி மொட்டு விட்டிருக்கிறது.
குளச்சல் பஸ் வளைவில் திரும்பும்போது
ஜன்னலோரத்தில் யாராவது போட்டோ எடுக்கிறார்கள்.
பத்தொன்பது வருடம் அங்கே ஈயம் உருக்கினேன்.
ஆசிட்டை வாழைமூட்டில் கவிழ்த்தேன்.
வாழை பட்டுப்போனது.
அடுத்த கன்றை வைத்தேன்.

திருவிதாங்கோட்டிலிருந்து ரிஸ்வானா வந்தாள்,
அரையடி ஆழம், ஒரு அடி, இரண்டடி என்று
சரல் மண்ணைத் தோண்டிப் பொட்டலம் கட்டினாள்.
திரும்பி வந்தபோது கையில் ஒரு எண்.
ஒரு கிலோ மண்ணில்
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மில்லிகிராம்.
மில்லி என்றால் கொஞ்சம்தானே என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
சரிவில் இருந்த கிணற்றைப் பார்த்து
அது யாருடையது என்றாள்.

இந்திராபாயினுடையது.
வெள்ளத்தில் துரு வாடை என்று
அவள் என் வாசலில் வந்து கத்திய நாளிலிருந்து
இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

மார்கழிக் கடைசியில் விதைத்தோம்.
செடி முழங்கால் தாண்டியதும்
வெள்ளைப் பொடி ஒன்றைக் கரைத்து
வேரடியில் ஊற்றச் சொன்னாள்.
நண்டு மாதிரி, என்றாள்,
மண்ணோடு ஒட்டிக்கிடக்கிற ஈயத்தைக்
கொடுக்கால் கவ்வி
வேர்வாசலில் கொண்டுபோய் விடும்.
பழைய மருந்து ஒன்று உண்டாம்,
அதுவும் கவ்வும், ஆனால் சாகாது,
வருடக்கணக்கில் மண்ணுக்குள் அலையும்.
இது ஒரு மாதத்தில் தானே மக்கிவிடும்.
அதுவரை மழை மட்டும் பெய்யக்கூடாது.

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு
மழை வேண்டாமென்று கேட்டவன்
நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.
ஒன்பதாம் நாள் ராத்திரி
வேளிமலைப் பக்கம் மின்னியது.
லாரிப் படுதா நாலையும் இழுத்துப் போட்டேன்.
பாதி விளைகூட மூடவில்லை.
மீதியில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன்.
விழுந்தது சின்னத் தூறல்,
சட்டை தோளில் மட்டும் நனைந்தது.
அந்தக் கிணற்றை அன்றுதான்
பயந்து பார்த்தேன்.

மஞ்சள் எட்டிப்பார்த்ததும் வெட்ட வேண்டும்.
விதை பிடித்தால் கிளி வரும்.
ஆட்டுக்குப் போடக்கூடாது,
அடுப்பில் வைக்கக்கூடாது.
அரிவாளோடு இறங்கிய காலையில்
வேலிக்கு அந்தப் பக்கம் இந்திராபாய்.
"ஏசுவடியான் அண்ணே,
மண்டைக்காட்டுக் கொடைக்குப் போறோம்.
அம்மைக்கு ஒரு பத்துப் பூ தருவியளா?"

எட்டு வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல்.
அங்கே அம்மையே மண்புற்று.
இந்த மண் கக்கினதை
அந்த மண்ணுக்கு எப்படிக் கொடுப்பேன்?
"இல்ல" என்றேன்.
"பூவுக்கும் கணக்கா?" என்று போய்விட்டாள்.
ஆமாம், கணக்குத்தான்
என்று சொல்லியிருக்கலாம்.
வாய் வரவில்லை.

காய்ந்ததையெல்லாம் ரிஸ்வானாவின் வேன் கொண்டுபோனது.
எங்கோ எரித்து, சாம்பலைப் பூட்டி வைப்பார்களாம்.
பங்குனியில் மறுபடி பொட்டலம், மறுபடி எண்.
ஆயிரத்து எழுபத்தைந்து.
முப்பத்தேழு குறைந்திருக்கிறது என்றேன்.
எந்திரத்தின் பிழையாகவும் இருக்கலாம் என்றாள்.
அவளை எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.
அடுத்த விதைக்குச் சாக்கை விரித்தோம்.
எனக்கு வயது ஐம்பத்தாறு.
வகுத்துப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

வேலியோரம், படுதாக் குவியலுக்குப் பின்னால்
வெட்ட விட்டுப்போன ஒன்று
முகம் முற்றித் தலை கவிழ்ந்து நின்றது.
மேலே ஒரு பச்சைக்கிளி,
முதல் விதையை உருவப் போகிறது.
இத்தனை அழகாக ஒன்றை
என் விளையில் நான் கண்டதில்லை.
குனிந்து
கல்லெடுத்தேன்.