நானூற்றுப் பன்னிரண்டு

நான்கு கருவிகளையும் ஒரே எஃகுச் சட்டத்தில் முடுக்கி
ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கவிட்டோம்.
மே மாதக் கடைசி வியாழன்.
பெய்ப்ஸி ஏரியில் பனி உடைந்து ஐந்து வாரம்.
படகு ஃபெவ்ரோனியாவுடையது;
வெங்காயச் சருகு
இன்னும் அதன் அடித்தட்டில் ஒட்டிக் கிடந்தது.

ஆய்வகத்தில் ஒற்றுமையாகத்தான் இருந்தன.
பால்போல் வெளுத்த அளவுத் திரவத்தில் முக்கினால்
நான்கும் ஒரே வாயாகச் சொல்லும்: இருபது.
தண்ணீர் சேர்த்தால் பத்து. இன்னும் சேர்த்தால் ஐந்து.
கல்வி அதிகாரி வந்த நாளின் பிள்ளைகள்.

ஏரியில் இறங்கியதும் குணம் மாறிவிட்டது.
ஒன்று நான்கு என்றது, இன்னொன்று ஆறு.
மூன்றாவது ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில்
பேரம் பேசிக்கொண்டிருந்தது.
நான்காவதில் மட்டும் வெள்ளை விளக்கு.
சதுப்பிலிருந்து இறங்கும் தேநீர் நிறத் தண்ணீர்
அந்த வெளிச்சத்தைக் குடித்துவிட்டு
மூன்று என்று சொல்லவைத்தது.
மற்ற மூன்றும் அகச்சிவப்பு;
அகச்சிவப்புக்கு அந்தப் பழுப்பு தெரியாது.
எது பொய், என்றான் ரைகோ.
எதுவுமில்லை என்று எழுதினால்
கருவி வாங்குகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

பிறகு வழக்கம்போல் வெள்ளைத் தட்டு.
கயிற்றில் இறக்கி
எங்கே மறைகிறதென்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.
ஒன்று நாற்பது, போய்விட்டது, என்றேன்.
"இருக்கிறதே" என்றாள் ஃபெவ்ரோனியா,
துடுப்பை மடியில் கிடத்தியபடி.
ஒன்று ஐம்பது.
இருக்கிறது.
ஒன்று அறுபத்தைந்தில்தான் அவளுக்குப் போனது.

பற்றவைப்புப் பட்டறையில் பதினைந்து வருஷம் நின்றவள்.
கண்புரை. இரண்டையும் ஜனவரியில்
தார்த்துவில் எடுத்தாயிற்று.
அதுவரை ஒவ்வொரு வசந்தமும் போன் வரும்:
ஏரி அழுக்காகிக்கொண்டே போகிறது,
உட்கார்ந்து என்ன கிழிக்கிறீர்கள்?
இந்த வசந்தம் வரவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்தான்.
என் எண்ணை உள்ளே எழுதினேன்,
அவளுடையதை ஓரத்தில்.

எட்டாம் நாள்
பேரம் பேசிய அந்த மூன்றாவது ஒன்பது அனுப்பியது.
பத்தாம் நாள் முப்பது.
பாசி பூக்கிறது, என்றான் ரைகோ.
செயற்கைக்கோள் படம் கேட்டோம்; மேகம் வந்தது.
பதினேழாம் நாள் இருநூறு.
அந்தப் பக்கம் ஏதோ கொட்டுகிறார்கள் என்று
அலுவலகத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்தினார்.
ஏரியின் நடுவே ஓடுகிறது எல்லை.
அதற்கு அப்பால் கருவி போட எங்களுக்கு அனுமதியில்லை.
சந்தேகம் போட அனுமதி வேண்டியதில்லை.
இருபத்திரண்டாம் நாள்
நானூற்றுப் பன்னிரண்டு.
அது தண்ணீர் இல்லை, கஞ்சி.

ஃபெவ்ரோனியாவைக் கூப்பிட்டேன்.
ஏரி எப்படி இருக்கிறது?
"ஏரி மாதிரி."

மறுநாள் தூக்கினோம்.
துடைப்பான் கை பாதி வழியில் விறைத்து நின்றது.
கண்ணாடிச் சாளரத்தின்மேல்
நெல்லளவு நீளத்தில் ஒரு குழல்:
அலை கிளப்பிய வண்டலைத் துகள் துகளாய்ப் பிடித்து
தன் பட்டால் ஒட்டி
ஒரு புழு கட்டிய வீடு.
வாசலில்
சிவப்பு நூல்துண்டு போல அது ஆடிக்கொண்டிருந்தது.

ஒளி புறப்படும் இடத்திலேயே சுவர்.
சுவர் திருப்பியனுப்பிய வெளிச்சத்தைக்
கருவி ஒரு நாளும் தவறாமல்
எண்ணி அனுப்பியிருக்கிறது.

ரைகோ பஞ்சை எடுத்தான்.
இரு, என்றேன். ஏனென்று இன்னும் தெரியாது.
ஃபெவ்ரோனியா வெங்காயக் கத்தியின் முனையால்
வீட்டை அப்படியே நெம்பித்
தண்ணீரில் வைத்தாள்.
எண் ஐந்தரைக்கு இறங்கியது.
அறிக்கையில் போட்டோம்: துடைப்பான் பழுது.

கரை திரும்புமுன் தட்டை மறுபடி இறக்கினேன்.
ஒன்று முப்பதில் எனக்குப் போய்விட்டது.
அவள் விளிம்பில் கவிழ்ந்து
இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
ஈரக் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தேன்.