டார்ச்சை அணை

கட்டபெட்டு வளைவில் நின்றுபோனது வண்டி.
பின்னால் பதினெட்டு மூட்டை பச்சைத் தேயிலை;
சாக்குக்குள் கைவிட்டால் இப்போதே சுடுகிறது.
ஒன்பதுக்கு ஃபேக்டரி கேட் மூடிவிடும்.

பிளக்கைத் துடைத்தேன். பாயிண்ட்டை உரசினேன்.
கார்புரேட்டரை அதன் வம்சத்தோடு திட்டினேன்.
வெயிலில் ஓடும், மிஸ்ட் இறங்கினால் இருமும்,
இரண்டு மாதமாய் இதே சீக்கு.

"டார்ச்சை அணை, செல் தீருது"
என்றபடி சாவியைத் திருப்பினாள்
மூட்டைக்கணக்கு எழுத வந்த ரீட்டா.

இருட்டில்
மூன்றாம் வயரின் மடிப்பில் நீல எறும்புகள்.
இரண்டாவதிலிருந்து இன்ஜின் உடம்புக்கு
ஒரு குட்டி மின்னல், தாவித் தாவி.
பிளக்குக்குப் போகவேண்டியது
பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது.

அன்றைய இலை இரண்டாம் தரத்துக்குப் போனது.

குன்னூரில் இந்த வண்டிக்கு வயர் இல்லை;
ஆம்னிக்கு வைத்திருந்ததைத் தந்தார்கள்.
ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டு என்றும் சொன்னார்கள்.
நான் நாலையும் ஒன்றாகப் பிடுங்கினேன்.
சைலன்சர் வெடித்ததில் எதிர்வீட்டு நாய்
இன்னும் என்னை நம்புவதில்லை.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு:
டெல்கோ மூடியில் சாக்பீஸால் எழுதிவைத்தேன்.
நீளமான வயரைச் சாக்குச்சணலால் கட்டினேன்.

நேற்று நல்ல மிஸ்ட்.
அதே வளைவில், ஓடும் இன்ஜினோடு ஓரங்கட்டி
பானெட்டைத் தூக்கினேன், டார்ச்சை அணைத்தேன்.
ஒன்றும் தெரியவில்லை.
கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.