உலர்த்தியின் கதவு

ஹெட்விக் செத்துப்போனாள் என்பது அவன் கட்சி.
பனிக்குள் நடந்தே போய்விட்டாள் என்பது என் கட்சி.
ஆறு பருவம் ஓடிய தொடர் அது.
கடைசிக் காட்சியில் கலங்கரை விளக்கின் கதவைத்
திறந்துபோட்டுவிட்டு முடித்துவிட்டார்கள்.
எழுதியவர் வாயைத் திறக்கவே இல்லை.
திறந்த கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
நாங்கள் நாலாயிரம் பேர்.

அங்கே என் பெயர் வெண்கீரி.
அவன் பெயர் பழைய ஆணி.
பகலில், யேவ்லே நகரத்துப் பல் மருத்துவமனையில்
நாள் குறித்துக் கொடுப்பவள் நான்.
கொஞ்சம் வலிக்கும், பயப்படாதீர்கள் என்று
தினம் முப்பது தடவை சொல்கிற வாய்.
நரம்பில்லாதது நாக்குதான் என்று நினைத்திருந்தேன்,
இரவில் என் விரல்களைப் பார்க்கும்வரை.

நான்கு குளிர்காலம்.
முட்டாள், மூடன் எல்லாம் காலைக் காப்பி மாதிரி.
ஒருமுறை எழுதினான்:
யாரும் தேடி வராத ஒருத்திக்குத்தான்
ஹெட்விக் உயிரோடு வேண்டியிருக்கிறது..
அன்றைக்கு நான் சாப்பாட்டைச் சூடுபண்ணவில்லை.

இன்னொரு முறை, சண்டையை மறந்தவன் போல:
என் அண்ணனும் இப்படித்தான் போனார், ஜனவரியில்.
ஏப்ரலில் பனி இறங்கியபோது கிடைத்தார்.
காலணிகளைக் கழற்றி ஜோடியாக வைத்திருந்தார்..

நான் எழுதினேன்:
உன்னோடு இருந்தால் யார்தான் நடந்து போகமாட்டார்கள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அதற்கு
இதயம் போட்டார்கள்.
எண்ணினேன்.

எங்கள் மொழியில் இரண்டு புள்ளிகள்
எழுத்தின் தலைமேல் உட்காரும்.
அவனுடையவை வரியின் முடிவில் இறங்கி நிற்கும்,
மூன்று வைக்க வேண்டிய இடத்தில்.
மூன்றாவது வாங்கக் காசில்லையா என்று
அதையும் விட்டுவைக்கவில்லை நான்.

செவ்வாய்க்கிழமை, ஏழு முதல் பத்து,
அடித்தளத்துச் சலவை அறை என் முறை.
அந்தச் சுவரில் யாரும் பெயர் போட்டுச் சீட்டு ஒட்டுவதில்லை.
'வடிகட்டியில் பஞ்சை விட்டுப் போனவரே,
வீட்டிலும் இப்படித்தானா?'
'என் ஒற்றைச் சாக்ஸ் உங்களிடம் நலமா?'
இவற்றுக்கு நடுவே புதிதாக ஒன்று:
உலர்த்தியின் கதவு இறுகுகிறது.
கோபப்பட வேண்டாம்,
மெல்லத் தூக்கி இழுத்தால் வரும்..

இரண்டு.

எனக்கு முந்தைய முறை யாருடையது என்று
பலகையில் பார்த்தேன்.
மூன்றாம் மாடி, சிக்ஸ்டன் ஓக்கர்லுண்ட்.
பேருந்து ஓட்டுபவர்.
என் பை கிழிந்த நாளில் ஆறு படி இறங்கிப் போய்
ஆப்பிள்களைப் பொறுக்கித் தந்தவர்.
அவன் அவராவதற்கு
ஒரு துண்டுச் சீட்டு போதுமாயிருந்தது.

கிழித்துப் போட்டிருக்கலாம்.
பதில் எழுதியிருக்கலாம், ஆனால்
எனக்கு எழுத வருவதெல்லாம் கடிக்கிற வகை.
மருத்துவமனை விளம்பரப் பேனாவை எடுத்து
மூன்றாவது புள்ளியை வைத்தேன்.
காகிதம் முடிந்திருந்தது, வரிசையில் இடமில்லை.
இரண்டுக்கும் நடுவே, மேலே வைத்தேன்.

அன்றிரவு பழைய ஆணி எழுதவில்லை. மறுநாளும்.
ஒரு வாரத்தில் அந்தப் பெயரே இல்லை.
வென்றுவிட்டோம் என்றார்கள் என் கட்சிக்காரர்கள்.
நான் எதை எழுதினாலும் இப்போது பாராட்டுகிறார்கள்.
பாதிக்குமேல் யாரும் படிப்பதில்லை.
காற்புள்ளி விடாமல் படித்தவன்
அவன் ஒருத்தன்தான்.

நேற்று படியில் எதிரே வந்தார்.
இரண்டு கூடைகளும் ஒரே படியில்,
ஒதுங்க இடம் போதவில்லை.
சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார்.
உங்களுடையதா?
பல்லின் படம் போட்ட பேனா.
ஆமாம்.

அவர் காலில் சாக்ஸ் மட்டும்தான் இருந்தது.
மேலே அவர் வாசலில்
ஜோடியாக இருந்திருக்கும்,
நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

உலர்த்தி இன்னும் இறுகுகிறது என்றார்.
ஆமாம், இறுகுகிறது என்றேன்.
நான்கு ஆண்டில் நாங்கள் ஒத்துப்போனது
இது ஒன்றில்தான்.
கூடையைத் தலைக்குமேல் தூக்கி
அவர் எனக்கு வழிவிட்டார்.
நான் இறங்கவில்லை, இன்னும்.